அக்காவுக்கு ஏன் எப்போதும் குளிர்ந்தது

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் பிறந்தவர்களுக்குக் குளிர் புதிதில்லை. மார்கழி விடியலில் பீலித் தண்ணீர் பட்டால் விரல் விறைத்துப்போகும். அதிலேயே முகம் கழுவிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விடுவார்கள். என் அக்காவும் அப்படிப் போனவள்தான். ஆனால் 2011க்குப் பிறகு சித்திரை வெயிலில்கூட அவள் இரண்டு சுவெட்டர் போட்டு, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் குந்தியிருப்பாள். கொழுந்து நிறுக்கும்போது கிலோ குறையும். அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான் விழும். கங்காணி என்னிடமே சொல்லியிருக்கிறார்: "ஒங்கக்கா முன்ன மாதிரி இல்ல புள்ள, சோம்பிப் போயிட்டா."

ஆறரை வருடம். "ரத்தம் கொறஞ்ச ஒடம்பு, அப்புடித்தான் இருக்கும்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். அந்த ஆறரை வருடத்தின் கடைசி இரண்டு வருடம் நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை செய்துகொண்டிருந்தேன். இதை எழுத இத்தனை நாள் தயங்கியதற்குக் காரணம் அதுதான்.

2011 டிசம்பர். அக்காவுக்கு 26 வயது, இரண்டாவது பிரசவம். கிளினிக்கில் ஹீமோகுளோபின் 8.6 என்று எழுதியிருந்தார்கள். இரும்புச்சத்துக் குளிசை தந்தார்கள். அக்கா அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு சாயத் தேத்தண்ணியோடு விழுங்குவாள். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், தேயிலை மலையில் தேத்தண்ணி இல்லாத சாப்பாடு ஏது?

பின்னேரம் 6 மணிக்கு ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மகன் பிறந்தான். நச்சுக்கொடியும் வந்துவிட்டது. ஆனால் கர்ப்பப்பை சுருங்கவில்லை. பிள்ளை பிறந்ததும் கர்ப்பப்பை இறுகி, அதன் தசைநார்கள்தான் ரத்தக் குழாய்களை முடிச்சுப் போட்ட மாதிரி நெரிக்க வேண்டும். அது தளர்ந்து கிடந்தால் ரத்தம் நிற்காது. வயிற்றை அமுக்கிப் பிசைந்தார்கள், மருந்து ஏற்றினார்கள். அங்கே ரத்த வங்கி கிடையாது. 8 மணிக்கு மேல் அம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

நோர்வூட்டைத் தாண்டி வளைவுக்கு வளைவு மழை. எனக்கு அப்போது 19 வயது. பின்னால் அம்மாவும் நானும் ஒரு சிங்கள நேர்ஸும். அந்த நேர்ஸ் வழி முழுக்க ஒரு கையால் அக்காவின் அடிவயிற்றை அமுக்கிப் பிடித்தபடி வந்தார். கை வலித்தால் மற்றக் கையை மாற்றுவார். "நிதாகன்ன எப்பா நங்கி, நிதாகன்ன எப்பா" என்று திரும்பத் திரும்பச் சொல்வார். தூங்காதே தங்கச்சி என்று அர்த்தம். அக்காவுக்குக் கீழே விரித்திருந்த துணி நனைந்து கனத்துப்போயிருந்தது. அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் அந்த ஈரத்துணியை இழுத்துப் போட்டுவிட்டு, மலைக்குக் கொண்டுபோகும் தன் கம்பளியை அக்காவின் மேல் போர்த்தினாள். அக்காவின் இரண்டு பாதங்களையும் தூக்கித் தன் மடியில் வைத்துச் சேலைக்குள் பொதிந்துகொண்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர 2 மணி நேரத்துக்கு மேல் ஆனது.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டுத்தான் ரத்தத்தை நிறுத்தினார்கள். 11 பை ரத்தம் ஏறியது. தந்தவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. இந்த நாட்டில் ரத்தம் காசுக்கு விற்கப்படுவதில்லை. முழுக்க முழுக்கத் தானாக வந்து தருபவர்களால்தான் ரத்த வங்கிகள் ஓடுகின்றன. எங்கேயோ ஒரு பௌத்த பன்சலையிலோ கோயில் மண்டபத்திலோ கையை நீட்டிப் படுத்த 11 பேர் அந்த இரவு என் அக்காவுக்குள் இருந்தார்கள்.

ரத்தம் நின்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். அத்தான் வெளியே போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வந்தார். மறுநாள் பார்த்தால் மூத்திரப் பையில் தேத்தண்ணிச் சாயம் மாதிரி நாலு சொட்டு. அதற்கடுத்த நாள் அதுவும் இல்லை.

உடம்பில் ரத்தம் குறைந்தால் என்ன நடக்கிறது என்று பிற்பாடு நான் பாடமாகப் படித்தேன். மனதில் பதிந்தது என்னவோ எங்கள் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கின் தண்ணீர்த் தாங்கியை வைத்துத்தான். வரட்சியில் தாங்கி இறங்கினால் முதலில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் குழாய்களைத்தான் மூடுவார்கள். பேக்டரிக்கும் பங்களாவுக்கும் போகிற குழாய் கடைசிவரை திறந்திருக்கும். உடம்பும் அப்படியேதான் செய்கிறது. மூளைக்கும் இதயத்துக்கும் வழியைத் திறந்து வைத்துவிட்டு, தோலுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற சின்னக் குழாய்களை இறுக்குகிறது. அதனால்தான் முகம் வெளுக்கிறது, கை கால் சில்லிடுகிறது, மூத்திரம் குறைகிறது. மூளை சில நிமிடம்கூடத் தாங்காது என்பதால் அந்த ஏற்பாடு உயிரைக் காக்கிறது. காக்கிற நேரத்தில் லயம் காய்கிறது.

இதில் ஏமாற்றுவது பிரஷர். கர்ப்பத்தின் கடைசியில் ஒரு பெண்ணின் ரத்த அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடியிருக்கும், பிரசவத்தில் போகப்போவதற்காக உடம்பு முன்கூட்டியே சேர்த்து வைப்பது. அதனால் ஒரு லீட்டர் போன பிறகும் அவள் பேசிக்கொண்டிருப்பாள், பிரஷர் சரியாகக் காட்டும், நாடி மட்டும் வேகமாக ஓடும். பிறகு ஒரேயடியாகச் சரிவாள். நாடியின் எண் பிரஷரின் மேல் எண்ணைத் தொட்டால் நாங்கள் பிரஷரை நம்புவதை நிறுத்திவிடுவோம். நாடி 110, பிரஷர் 100 என்றால் அந்த 100 ஆறுதல் தருகிற 100 இல்லை. அக்காவைப் போல ஏற்கெனவே ரத்தச்சோகை உள்ளவளுக்கு இந்தச் சேமிப்பும் மெலிந்தது. ரத்தம் போகாமலே ஒட்சிசனைச் சுமக்கிற ஆள் குறைவு. மற்றவள் தாங்கும் இழப்பை அவளுடைய சிறுநீரகம் தாங்காது.

சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களில் உள்ள செல்கள் ஓயாமல் உழைப்பவை. ரத்தம் கிடைக்காமல் அரை மணி, ஒரு மணி நேரம் போனால் அவை நோகத் தொடங்கும், பிறகு உரிந்து விழுந்து குழாயையே அடைக்கும். ஆனால் அடிச்சுவர் கெடாமல் இருந்தால் அவை திரும்ப முளைக்கும். கவ்வாத்து வெட்டிய தேயிலை மாதிரி, பார்க்க மொட்டையாய் இருந்தாலும் உள்ளே உயிர் இருக்கும். முளைக்கும்வரை ஆளை உயிரோடு வைத்திருப்பதற்குத்தான் டயலிசிஸ். அக்காவுக்கு மூன்று தடவை செய்தார்கள். 12ஆம் நாள் காலை மூத்திரப் பை நிறைந்தது. அம்மா அதைப் பார்த்து அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து எழுந்து வந்தார்கள்.

24ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். "எல்லாம் சரி" என்றார்கள். சிறுநீரகம் சரி, தையல் சரி. பால் வந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பால் வரவில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. மூத்தவளுக்கு இரண்டரை வயதுவரை கொடுத்தவள் அக்கா. தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலையில் நிற்கும்போது சட்டை நனைந்து கங்காணியிடம் கேட்டுக்கொண்டு ஓடி வருவாள், அவ்வளவு பால். இந்த முறை மார்பு கட்டக்கூட இல்லை. அம்மா முருங்கைக்கீரை, வெள்ளைப்பூடு, சுறாக் கருவாடு என்று தேடித் தேடிச் சமைத்துப் போட்டாள். கண்ணுபட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். கடைசியில் பால்மா பைக்கற்றுக்குக் கடன் வாங்கினோம். மாதவிலக்கு நின்றதும் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை, கர்ப்பப்பையைத்தான் எடுத்துவிட்டார்களே. அக்குளில் முடி உதிர்ந்ததை அக்கா வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. 32 வயதில் முகம் மெழுகு மாதிரி வெளுத்து, வாய் ஓரம் மெல்லிய சுருக்கம் விழுந்து, 45 வயது மதிக்கலாம் போல இருந்தாள்.

2018 ஜூனில் சாதாரணக் காய்ச்சல். மூன்று நாள் வாந்தி. நாலாம் நாள் காலையில் எழுப்பினால் எழவில்லை. அத்தான் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு எனக்குப் போன் அடித்தார். நான் கண்டியில் இரவு டியூட்டி முடித்து அப்படியே பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது பிரஷர் 80க்கு 50. ரத்தத்தில் சீனி 48. சோடியம் 116. எல்லாமே மிகக் குறைவு. சேலைன் எவ்வளவு போட்டும் பிரஷர் ஏறவில்லை. அங்கே ஒரு இளம் பெண் டொக்டர் இருந்தார், எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தார், புருவத்தைப் பார்த்தார். என்னிடம் திரும்பிக் கேட்டார்.

"கடைசிப் பிள்ளை பிறந்தப்ப ரத்தம் நிறையப் போனதா அக்கா?"

"11 பை ஏத்தினாங்க."

"பால் வந்துச்சா?"

நான் வாய் திறக்கவில்லை. எனக்குக் காது அடைத்துப்போனது. அந்த ஒரு கேள்வியில் எல்லாம் விளங்கிவிட்டது. பரீட்சைக்குப் படித்திருக்கிறேன், எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஷீஹான் நோய்.

மூளைக்கு அடியில், ஒரு எலும்புக் கிண்ணத்துக்குள் பட்டாணி அளவில் கபச்சுரப்பி இருக்கிறது, பிட்யூட்டரி என்று சொல்வோமே, அது. பால் சுரக்கச் சொல்வது, தைரோயிட்டை வேலை வாங்குவது, சிறுநீரகத்தின் மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பியிடம் உடம்பு நெருக்கடியைத் தாங்கத் தேவையான கோர்ட்டிசோலைக் கேட்டு வாங்குவது எல்லாம் அதுதான். கர்ப்ப காலத்தில் பால் சுரப்புக்கான செல்கள் பெருகி அது வீங்கும். ஆனால் அதன் முன்பக்கத்துக்கு ரத்தம் வருவது அழுத்தம் குறைந்த மெல்லிய குழாய்கள் வழியாக. வரத்து கூடாமல் வயிறு மட்டும் பெருத்த வீடு. தாங்கி வற்றியதும் அது முதலில் காய்ந்துபோகிறது. ஹரோல்ட் ஷீஹான் என்பவர் கிளாஸ்கோவில் நோயியல் டொக்டராக இருந்தார். பிரசவத்தில் இறந்த பெண்களின் உடல்களைத் திறந்து பார்த்து இதை 1937இல் எழுதினார். சிறுநீரகச் செல் முளைத்தது. கபச்சுரப்பி முளைக்கவில்லை. அக்காவை ஸ்கேன் செய்தபோது அந்தக் கிண்ணம் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது.

டொக்டர் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கவில்லை. ரத்தத்தை எடுத்து அனுப்பிவிட்டு உடனே கோர்ட்டிசோலுக்கு ஈடான ஹைட்ரோகோர்ட்டிசோன் 100 மில்லிகிராம் நரம்பில் போட்டார். மறுநாள் காலை நான் பக்கத்தில் கதிரையில் தூங்கிவிட்டிருந்தேன். யாரோ தோளைத் தட்டினார்கள். அக்கா. "பசிக்குதுடி" என்றாள். ஆறரை வருடத்தில் அவள் பசிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

தைரோயிட் மாத்திரையை அதற்குப் பிறகு சில நாள் கழித்துத்தான் தொடங்கினார்கள். வரிசை முக்கியம். கோர்ட்டிசோல் இல்லாத உடம்புக்கு முதலில் தைரோக்சினைக் கொடுத்தால் விறகு குறைந்த அடுப்பை ஊதிவிட்டு இருக்கிற விறகையும் தீர்த்த மாதிரி, ஆள் சரிந்துவிடலாம். மூன்றாம் மாசம் அக்கா சுவெட்டரைக் கழற்றி மடித்து வைத்தாள்.

அன்றிலிருந்து நான் வேலை செய்கிற விதம் மாறிவிட்டது. ரத்தம் கொட்டி வருகிற ஒவ்வொருவரையும், பிரசவமோ பள்ளத்தில் விழுந்த பஸ்ஸோ, நான் அந்த அம்புலன்ஸின் பின்பக்கமாகத்தான் பார்க்கிறேன்.

முதல் வேலை குளிரைத் தடுப்பது. ரத்தம் உறைவது ஒரு ரசாயன வேலை. அதற்குச் சூடு வேண்டும். உடம்பு 35 பாகைக்குக் கீழே இறங்கினால் உறையும் திறன் தளர்கிறது. ரத்தம் போகப்போக உடம்பு ஆறுகிறது, ஆறஆற ரத்தம் உறைய மறுக்கிறது, ஒட்சிசன் கிடைக்காத தசைகள் அமிலத்தைக் கக்குகின்றன, அமிலம் உறைதலை இன்னும் கெடுக்கிறது. மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கீழே போகும். சமவெளியில் இருப்பவர்களுக்கு இது புத்தகத்தில் படித்த விஷயமாக இருக்கலாம். நுவரெலியாவில் இரவு 10 பாகைக்கு இறங்கும் நாட்டில், மழையில் நனைந்து ஒரு மணி நேரம் லொறியில் வருகிறவருக்கு இது கண்முன் நடப்பது. ரத்தப் பையே குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 6 பாகையில் வைத்திருப்பது. வேகமாக ஏற்ற வேண்டும் என்றால் சூடாக்கும் கருவி வழியாகத்தான் விட வேண்டும். அம்மா ஈரத்துணியை இழுத்துப் போட்டது எவ்வளவு சரியான வேலை என்று எனக்கு விளங்கவே எட்டு வருடம் ஆனது. கேட்டால், "சில்லுன்னு இருந்துச்சு, போத்தினேன்" என்கிறாள்.

சேலைனைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்குச் சேலைன் என்றால் பெரிய மருந்து. "சேலைன் போட்டாங்களா?" என்பதுதான் முதல் விசாரிப்பு. உப்புத் தண்ணீர் குழாயை நிரப்பும், ஆனால் ஒட்சிசனைச் சுமக்காது, ரத்தத்தை உறைய வைக்காது. கொஞ்சம் அவசியம்தான். அளவு மீறிப் போனால் மிச்சமிருக்கும் உறைபொருளையும் கரைத்து, உடம்பையும் குளிர்வித்து, நுரையீரலில் தேங்கும். முன்பு லீட்டர் கணக்கில் ஊற்றினார்கள். இப்போது சீக்கிரமே ரத்தத்துக்கும் பிளாஸ்மாவுக்கும் போய்விடச் சொல்கிறோம்.

அக்காவின் இரவில் இல்லாத ஒன்று இன்று இருக்கிறது: டிரனெக்சாமிக் அமிலம். உறைந்த ரத்தத்தைக் கரையவிடாமல் தடுக்கும் மருந்து. பழையதுதான். யப்பானில் உதாக்கோ ஒகமோட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் அவர் கணவரும் கண்டுபிடித்து 1962இல் வெளியிட்டார்கள். பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுகூடத்தில் வேலை செய்தாராம். அது பிரசவத்தில் உயிரைக் காக்கிறது என்று 21 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்ட தாய்மாரில் சோதித்து நிரூபிக்க 2017 ஆகிவிட்டது. அம்மையார் 2016இல், 98 வயதில் இறந்துவிட்டார். பிள்ளை பிறந்து 3 மணி நேரத்துக்குள் 1 கிராம், நரம்பில் மெதுவாக. அந்த நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் நேரும் சாவு மூன்றில் ஒரு பங்கு அளவு குறைகிறது. தாமதிக்கிற ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் அதன் பலன் தேய்கிறது. அக்காவுக்கு 6 மணிக்குப் பிள்ளை பிறந்தது. அம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தது பத்தரைக்கு. அந்தக் கணக்கை நான் எத்தனையோ இரவு போட்டுப் பார்த்திருக்கிறேன். நம் மலைப் பாதைகளில் இந்த மருந்து பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருந்து பயனில்லை. சின்ன ஆஸ்பத்திரியிலேயே ஏற்றிவிட்டு அனுப்ப வேண்டும். இப்போது 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்தால் காசில்லாமல் அம்புலன்ஸ் வருகிறது. 2011இல் அந்தச் சேவை இல்லை.

ரத்தம் திரும்ப ஏறும் நேரத்துக்கும் ஒரு ஆபத்து உண்டு. இதைத்தான் ஆட்கள் நம்ப மாட்டார்கள். வரட்சி முடிந்து லயத்துக் குழாயைத் திறந்ததும் முதலில் என்ன வரும்? சளசளவென்று காற்றும் துருவும் சேறும். முதல் தண்ணீரை யாரும் பிடிக்க மாட்டோம். பட்டினி கிடந்த உறுப்புக்குள் ரத்தம் நுழையும்போதும் அதுதான் நடக்கிறது. தேங்கிக் கிடந்த அமிலமும் பொட்டாசியமும் இதயத்தை நோக்கி வரும், அதன் துடிப்பைத் தடுமாற வைக்கும். நொந்துபோன செல்கள் திடீரென்று வந்த ஒட்சிசனைச் சரியாகக் கையாள முடியாமல், தம்மையே அரிக்கும் பொருள்களாக மாற்றிவிடும். நுரையீரல் நீர் கோக்கும். குடலின் உட்சுவர் கெட்டிருந்தால் அதனுள் அடைபட்டிருந்த நஞ்சு ரத்தத்தில் கலக்கும். இதை அப்படியே நிறுத்துகிற ஒரு மந்திர மருந்து எங்கள் கையில் இல்லை. பட்டினி நேரத்தைக் குறைப்பதுதான் பெரிய வைத்தியம். மற்றதெல்லாம் காவல் வேலை: பொட்டாசியத்தை அடிக்கடி பார்ப்பது, நுரையீரலுக்குள் காற்றை அளவாகத் தள்ளுவது, மணிக்கு மணி மூத்திரத்தை அளப்பது. 50 கிலோ பெண் என்றால் மணிக்கு 25 மில்லிலீட்டர் வர வேண்டும். இரண்டு மணி நேரம் அதற்குக் கீழே போனால் நான் டொக்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவேன். திட்டினாலும் பரவாயில்லை. அப்புறம் வலிக்குப் போடும் டைக்ளோபெனாக். பிரசவத்துக்குப் பிறகு வழக்கமாகக் கொடுக்கிற மருந்துதான், ஆனால் நொந்த சிறுநீரகத்துக்கு அது மேலும் ஒரு அடி. ரத்தம் நிறையப் போனவளின் சீட்டில் அதைக் கண்டால் நான் கேட்காமல் கொடுப்பதில்லை.

அக்காவுக்கு இனிமேல் வாழ்நாள் முழுக்க மாத்திரைதான். காலையில் ஹைட்ரோகோர்ட்டிசோன் 10 மில்லிகிராம், மதியம் 5, பின்னேரம் 5. காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்கு. வாந்தி வந்தால் மாத்திரை தங்காது, உடனே ஊசி. ஒரு அட்டையில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, பிளாஸ்டிக் ஒட்டி, அடையாள அட்டையோடு வைத்துக் கொடுத்திருக்கிறேன்: இவர் தினமும் ஹைட்ரோகோர்ட்டிசோன் எடுப்பவர், நிறுத்தக் கூடாது, மயங்கிக் கிடந்தால் உடனே 100 மில்லிகிராம் ஊசி போடவும். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அந்த மாத்திரைக்காகக் கண்டியில் பார்மசி பார்மசியாக ஏறி இறங்கினேன். பெற்றோல் வரிசையில் நாடே நின்றது. நான் 30 மாத்திரைக்காக நின்றேன். கிடைக்காத வாரங்களில் டொக்டர் அதே வகை மருந்தான பிரெட்னிசொலோனாக மாற்றிக் கொடுத்துச் சமாளித்தார். மூளையில் ஒரு பட்டாணி காய்ந்ததற்கு நாங்கள் இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

என் வாட்டிலிருந்து அப்படி ரத்தம் இழந்த தாய் ஒருத்தி வீட்டுக்குப் போகும்போது நான் அவள் அம்மாவையோ மாமியாரையோ கூப்பிட்டு உட்கார வைப்பேன். பால் வருகிறதா என்று கேட்பேன். வரவில்லை என்றால் சீட்டில் எழுத வைப்பேன். ஆறு வாரம் கழித்து வரும்போது அசதி, குளிர், தலைசுற்றல், மாதவிலக்கு எல்லாவற்றையும் விசாரிக்கச் சொல்வேன். கர்ப்பப்பை எடுத்தவள் என்றால் இன்னும் கவனம், ஏனென்றால் மாதவிலக்கு என்ற சாட்சி அவளுக்கு இல்லை. குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்கு, தேத்தண்ணியை ஒரு மணி நேரம் தள்ளி வை என்று தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் கர்ப்பிணிப் பிள்ளைகளிடம் சொல்வேன். கோயில் மண்டபத்தில் ரத்த தான முகாம் வந்தால் அத்தானும் அவர் தம்பிமாரும் முதல் ஆளாய்ப் போய்ப் படுப்பார்கள். நம் பெண்கள் பலரை எடை காணாது, ரத்தம் காணாது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

போன மாசம் கீழ்க்கணக்கில் ஒரு பிள்ளைக்குப் பிரசவம். ரத்தம் அதிகமாகப் போய் ஐந்து பை ஏற்றினார்கள் என்று கேள்விப்பட்டதும் அக்கா மலையிலிருந்து வந்து, கூடையைக்கூட உள்ளே வைக்காமல், குறுக்குப்பாதையில் இறங்கிப் போயிருக்கிறாள். இரவு 9 மணிக்கு எனக்குப் போன் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"பால் வருதாம்டி. சும்மா சொல்லல, புள்ள குடிக்கிறத நானே பக்கத்துல இருந்து பாத்துட்டுத்தான் வந்தேன்."